கல்வத்தைக் கழுவிய கை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், மக்கா. முழங்கால் வலிக்காரர்கள் காலை நீட்டிக்கொள்ளலாம், குற்றமில்லை. உங்களுக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன்.

சங்கரன்கோவிலில் ராஜதுரை என்று ஒருவர். நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். மூட்டுவாதத்துக்கு மூலிகைப் பிளாஸ்திரி செய்துவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதலில் செய்தது வழிந்து சேலையெல்லாம் பச்சையாக்கியது. அடுத்தது, பிய்க்கும்போது தோலையும் சேர்த்துப் பிய்த்தது. மூன்றாவதுதான் ஒழுங்காக ஒட்டியது. நொச்சி, முடக்கத்தான், தழுதாழை மூன்றையும் மருந்தரைக்கும் கல்வத்தில் அரைத்துக் கொடுத்தவள் அவர் மனைவி பொன்செல்வி. ஒட்டிய நாலாம் நாள் வலி லேசாகக் குறையும். அதற்கு மேல் எதுவும் நடக்காது.

சிவகிரிக் கடைக்காரர் குருசாமி, வாங்கிப் போன பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தார். "வே ராஜதுரை, உம்ம பிளாஸ்திரி வேலை செய்யதுக்குள்ள வலி தானாவே செத்துப்போயிரும் போலிருக்கே!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜதுரை சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே புதுப் பிளாஸ்திரி வந்தது. ஒட்டிய கால் மணி நேரத்தில் முழங்கால் மரத்து, வலி போன இடம் தெரியவில்லை. ஊரே கடை வாசலில் நின்றது. பொன்செல்விக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இலை அதே இலை, அளவும் அதே அளவு. அரைத்தவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

"நாலு நாள் வேலையக் கால் மணி நேரத்துல செய்யுதே, என்ன சேக்குதிய?"

"எல்லாம் கைப்பக்குவம்ட்டி" என்றார். அன்றிலிருந்து கடைசிக் கலவையை அவரே, கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். அவள் உள்ளே வந்தால் பேச்சை மாற்றினார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியது. கொடியேறிவிட்டால் சனம் கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடும். ஒற்றைக்காலில் தவம் நின்ற கோமதி அம்மனின் கால்வலியில் கொஞ்சம் தாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்பது சுற்றுகிறவர்களின் நம்பிக்கை. நூற்றியொரு சுற்று, ஐந்நூறு சுற்று என்று நேர்ந்துகொள்வார்கள். பிளாஸ்திரிக்கு இதைவிட நல்ல காலம் வேறு எது?

அன்று காலையில் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் வந்தாள். விசைத்தறியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்தவள். மகள் இசக்கிசெல்விக்குச் சுகப்பிரசவம் ஆனதற்கு நூற்றியொரு சுற்று நேர்ந்திருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு வலி மாத்திரை தின்று, முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆட்டோவில் அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு அந்த வகை மாத்திரையையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் கூடப் போனவர் ராஜதுரைதான்.

"யக்கா, அண்ணாச்சி பிளாஸ்திரி ரெண்டு குடு. மாத்திரைதான் எனக்கு ஆகாது, இலை ஆகும்லா?"

"அம்மனோட வலிய வாங்கப் போறவளுக்குப் பிளாஸ்திரி எதுக்குட்டி?" என்று பொன்செல்வி கேலி செய்தாள்.

"அம்மன் வலிய வாங்கணும்னா என் வலிய எங்கயாச்சும் இறக்கி வைக்கணும்லாக்கா!"

சிரித்துக்கொண்டே இரண்டு முழங்காலிலும் ஒட்டிவிட்டாள் பொன்செல்வி. தங்கத்தாய் கையை வீசிக்கொண்டு போனாள்.

பதினோரு மணி இருக்கும். பொன்செல்வி பின்கட்டுக்குப் போனாள். குழாயடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து ராஜதுரை கல்வத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தான் குடித்த டீ டம்ளரைக்கூடக் கழுவியறியாத மனுஷன். கல்வத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. எந்த இலையை அரைத்தால் விழுது வெள்ளையாக வரும்?

ஒன்றும் கேட்காமல், "தங்கத்தாய்க்கு ரெண்டு ஒட்டிவிட்டேன். சுத்துக்குப் போயிருக்கா" என்றாள்.

கல்வம் அவர் கையிலிருந்து நழுவியது. "யாருக்கு? ஏட்டி, அவளுக்கு அது ஆகாதே!"

"எது ஆகாது? இலையா?"

அவர் சட்டையைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினார்.

கோயிலைச் சுற்றிவரும் கூட்டத்துக்கு எதிராக இருவரும் இடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். "ஏலே, சுத்து இந்தப் பக்கம்!" என்று ஆள் ஆளுக்கு ஏசினார்கள். வடக்குப் பக்கத்து மதில் ஓரத்தில் தங்கத்தாய் சாய்ந்திருந்தாள். கண்ணிமை வீங்கி மூடியிருந்தது. மூச்சு விசில் அடித்தது. பொன்செல்வி இரண்டு பிளாஸ்திரியையும் பிய்த்து எறிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெலன் ஊசியை எடுத்துக்கொண்டே கேட்டார். "இதுல என்னென்ன இருக்கு?"

"மூலிகைதாம்மா... நொச்சி..." என்று ராஜதுரை இழுத்தார்.

பொன்செல்வி அவரையே பார்த்தாள். கட்டிலில் கிடந்தவளின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் கடை போகும், பேர் போகும். சொல்லாவிட்டால் இவள் போய்விடுவாள்.

"வலி மாத்திரையப் பொடிச்சுக் கலந்தேன்" என்றார் ராஜதுரை. "மரத்துப்போக ஒரு களிம்பும் சேத்தேன்." இரண்டின் பெயரையும் சொன்னார். வராந்தாவில் நின்ற சனம் முழுக்கக் கேட்டது.

தங்கத்தாய்க்குச் சாயங்காலம்தான் கண் திறந்தது. கால்மாட்டில் நின்ற ராஜதுரை கும்பிட்டார். "தாயி, இலைன்னு சொல்லித்தானே உன்னை ஏமாத்தினேன்..."

"அண்ணாச்சி, என் வலி எனக்குத் தெரிஞ்ச வலி. அதோட நான் இத்தன வருசம் இருந்துட்டேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத சொகம் எனக்கு வேண்டாம். மெதுவாத்தான் வலி கொறையும்னாலும், உள்ள இருக்கதச் சொல்லிட்டுக் குடுங்க."

மறுநாள் குருசாமியின் கடை உட்பட எல்லா இடத்திலிருந்தும் பிளாஸ்திரிகளைத் திருப்பி வாங்கி, என்ன கலந்தேன் என்பதையும் ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வந்தார் ராஜதுரை. சிலர் முகத்துக்கு நேரே காறித் துப்பினார்கள். வாங்கிக்கொண்டார். பிறகு பழைய இலைக் கலவையைச் சித்த மருத்துவரிடமும் சோதனைக்கூடத்துக்கும் கொண்டுபோனார். அது சோதனையில் தேறி வரும்வரை ஒன்றுகூட விற்பதில்லை என்று பொன்செல்வி கடைச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இப்போதும் கல்வத்தை ராஜதுரைதான் கழுவுகிறார், ஆனால் கதவு திறந்திருக்கிறது.

மக்கா, இலை என்று எழுதிவிட்டதாலேயே ஒரு மருந்து நல்ல மருந்து ஆகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது, யார் சோதித்தார்கள், யாருக்கு ஆகாது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் முகம் கோணுகிறவரிடம் வாங்காதீர்கள். மருந்தில் மறைப்பது உயிரோடு விளையாடுவது.

போய் வாருங்கள். உங்கள் வீட்டுக் கால்களெல்லாம் நோகாமல் நடக்கட்டும். மருந்து டப்பா தூசி படிந்து கிடக்கட்டும், சோற்றுப் பானை ஓயாமல் கொதிக்கட்டும். ஒருவருக்கொருவர் மறைக்கிற கதவு உங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லாமல், நல்லா இருங்கள்.