பொட்டுக்குக் கீழே

மூடியைத் திறந்ததும் டர்பைன் குழியிலிருந்து வாடை எழுந்து முத்துப்பிரியாவின் முகத்தில் அடித்தது. ஊறிய சேறு, பழைய கிரீஸ், அதன்மேல் கற்பூரமும் புதுப் பெயிண்டும். மூக்கைப் பொத்தினால் ஃபோர்மேன் தங்கபாண்டி சிரிப்பார் என்பதால் பொத்தவில்லை.

ஆயுத பூசை. போடி மலையடிவாரத்து அந்தச் சின்ன மின்நிலையத்தில் காலையிலிருந்து மெஷின் நின்றிருந்தது. மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் மோதிச் சுழற்றுகிற சக்கரம், வெள்ளிப் பெயிண்டில் கல்யாணப்பெண் மாதிரி மினுங்கியது. தண்ணீரை வாங்க விளிம்பில் வரிசையாக இருந்த இரும்புக் கிண்ணங்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூசை முடிந்துவிட்டது; பொறியாளரான அவள் பார்த்து, ஓட்டலாம் என்று சொன்னால் ஆபரேட்டர் ஈஸ்வரன் வால்வைத் திறப்பான்.

"எப்பிடி ஆத்தா அலங்காரம்?" என்றார் தங்கபாண்டி. "போன மாசம் மூஞ்சியச் சுளிச்சியே, இப்பப் பாரு."

மேலே ஏலத்தோட்டத்துக்கு ரோடு வெட்டியதிலிருந்து தண்ணீர் மணலோடுதான் வந்தது. மணல் படியும் தொட்டியைக் கழுவ மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்த யாருக்கும் மனமில்லை. கிண்ணத்தின் நடுவே வரப்புபோல நிற்கும் முகட்டை மணல் ரம்பப் பல்லாகத் தின்றிருந்தது. அடிப்பக்கம் தகரமாக இளைத்திருந்தது. போன மாதம் அதைப் பார்த்துத்தான் சக்கரத்தை மாற்றச் சொன்னாள்.

"புதுச் சக்கரமாண்ணே?"

"புதுசு மாதிரி."

அவள் ஒரு பொட்டின்மேல் கட்டைவிரலை வைத்தாள். விரல் அமுங்கியது. பெயிண்ட் தோலாக உரிந்து, உள்ளே சாம்பல் நிறப் பசை தெரிந்தது. நசுங்கிய காருக்கு அடிக்கிற பட்டி. அடுத்த பொட்டும் அப்படியே. எங்கெல்லாம் குழியோ அங்கெல்லாம் குங்குமம். பூசை போட்ட இடத்தில் எவரும் விரல் வைக்க மாட்டார்கள்.

சற்றுமுன் தங்கபாண்டி வாழையிலையில் அள்ளிக் கொடுத்த பொங்கலின் நெய் இன்னும் அவள் நாக்கில் இருந்தது. அவருடைய நகக்கண்ணில் அதே சாம்பல் பட்டி. துப்ப வேண்டும்போல வந்தது. அவர்மேல் மட்டும் அருவருப்பு என்றால் துப்பியிருப்பாள். மூடி திறந்த கணத்தில் அந்த மினுமினுப்பைப் பார்த்து, இனி யாரோடும் மல்லுக்கட்ட வேண்டாம் என்று அவள் மனம் ஆறுதல்பட்டதே, அதை எங்கே துப்புவது?

"இந்த ஒரு மழைக்காலம் தாங்கும் ஆத்தா."

"தாங்காமப் பிச்சுக்கிட்டு வந்தா? எதுத்தாப்புல உக்காந்திருக்கது ஈஸ்வரன்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது மேடம்," பொரி அடைத்த வாயோடு ஈஸ்வரன் சொன்னான். "இப்பத்தான சாமி கும்புட்டேன். அதுக்குள்ள கைவிட்டுருமா?"

முத்துப்பிரியா ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சுரண்டத் தொடங்கினாள். சந்தனமும் பட்டியும் பல்லழுக்குபோலக் குழிக்குள் உதிர்ந்தன.

"பூசை போட்டதச் சுரண்டுறியே, வெளங்குமா?" தங்கபாண்டியின் குரல் உயர்ந்தது. "நம்ம சிலமலை ஊருப் பிள்ளைதான நீயி?"

சாவி உலோகத்தில் உரசவில்லை. அந்தப் பக்கம் போய்விட்டது. கிண்ணத்தின் அடியில் கோலிக்குண்டு நுழையும் துளை. ஈஸ்வரன் குனிந்து பார்த்தான். அதன் வழியாக எதிர்ச்சுவரின் பல்பு தெரிந்தது. மெல்லுவதை நிறுத்தினான்.

"ஓடாது," என்றாள் அவள். "சக்கரத்த மாத்துறவரைக்கும் ஓடாது. எவன் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஈஸ்வரன் பொரியைக் கீழே வைத்துவிட்டு, வால்வுச் சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினான். சாவியை அவளிடம் நீட்டினான்.

தங்கபாண்டி குங்குமச் சிமிழில் விரலைத் தொட்டு, சுரண்டிய இடத்தில் திரும்பவும் பொட்டு வைக்கப் போனார். விரல் துளைக்குள் போய், கணு வரை இறங்கி நின்றது.