வெள்ளை மாளிகையை எரித்த யோகமலர் அன்ரி

1.

முதலில் ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு சோபாக் கடை விளம்பரம் வராததால் பிறந்தது. 1993இல், கனடாவில், பார்க்டேல் பலசரக்குக் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு நான் பெட்டிச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். விளம்பரம் வராமல் விழுந்த ஓட்டையில் என் அறிவை வைத்து அடைப்பார்கள். ஆசிரியர் கஸ்பர் அண்ணை போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"ஊரிலை நடக்கிற எங்கட சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். போட்டா போன் வரும். வேற ஆற்றையேன் சண்டையை எழுது."

கல்லூரியில் அமெரிக்கப் போர் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். (ஆர்வமில்லை. நான் கேட்ட வகுப்பு நிரம்பிவிட்டது.) ஆகவே அமெரிக்கச் சண்டை. அதற்கு யார் போன் எடுக்கப்போகிறார்கள்?

2.

தொடக்கம், முதல் முயற்சி: *1814ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்து வெயிலில் வாஷிங்டன் நகரம்*

வேண்டாம். நான் வாஷிங்டனுக்குப் போனதில்லை.

இரண்டாம் முயற்சி: *யோகமலர் அன்ரியின் கண்களில் ஓர் இனம்புரியாத சோகம்*

பொய். அவர் கண்களில் நான் கண்டதெல்லாம் எரிச்சல்தான். இனமும் நன்றாகப் புரிந்தது: நான் லிஃப்டைப் பிடித்து வைக்காத எரிச்சல்.

மூன்றாம் முயற்சி, வெறும் தகவல்: யோகமலர் அன்ரி எங்கள் கட்டடத்தில் ஒன்பதாம் மாடி. அவருடைய தங்கை எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில், பஃபலோவில். காரில் இரண்டு மணி நேரம். இருவரும் கண்டு ஒன்பது வருடம். அன்ரியின் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டது. தங்கையின் அகதி வழக்கு அங்கே முடியவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் விசாவே வேண்டாம். ஆகவே அன்ரிக்குக் குடியுரிமை என்பது தேசப்பற்று அல்ல, பஃபலோ பஸ்.

போன கோடையில், இரு நாட்டுக்கும் எல்லையான நயாகரா ஆற்றில் ஆளுக்கொரு கரையில் நிற்பதென்று ஏற்பாடு. அடையாளத்துக்குச் சிவப்புச் சேலை. அன்ரி அரை மணி நேரம் கை காட்டினார். அக்கரையிலும் ஒரு சிவப்பு கை காட்டியது.

"வீட்டை வந்து போன் எடுத்தா, அவள் வெளிக்கிடவே இல்லையாம். பிள்ளைக்குக் காய்ச்சலாம். நான் ஆருக்கோ கை காட்டியிருக்கிறன்," என்றார் அன்ரி. "ஆனா நல்ல மனிசி. கடைசி மட்டும் காட்டினவள்."

[பக்கக் குறிப்பு: அமெரிக்கா இந்தப் பக்கம் படையெடுத்த 1812 அக்டோபரில் இதே ஆற்றின் அக்கரையில், நியூயோர்க் மாநிலப் படையினர் பலர், இக்கரையில் தம்முடைய ஆட்கள் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டே கடக்க மறுத்து நின்றார்கள். நாட்டுக்கு வெளியே போய்ச் சண்டை பிடிக்கச் சட்டத்தில் இடமில்லையாம். வரலாற்றாசிரியர்கள் இதைக் கோழைத்தனம் என்கிறார்கள். அன்ரி விசாப் பிரச்சினை என்பார்.]

3.

"வெள்ளை மாளிகையை எரித்தவர்கள் கனடியர்கள்!" என்று பெட்டி போட்டேன். ஆச்சரியக்குறி மட்டும்தான் என் சொந்தச் சரக்கு. மற்றதை இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். குடியுரிமை நேர்முகத்துக்குப் பாடமாக்க அன்ரி அதை வெட்டிப் பிறிட்ஜ் கதவில் ஒட்டினார்.

பிறகுதான் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் படித்தேன். 1814இல் அதை எரித்தது கடல்வழி வந்த பிரித்தானியப் படை. கனடா என்ற நாடு பிறக்க இன்னும் ஐம்பத்து மூன்று வருடம் இருந்தது. (கரியை மறைக்கத்தான் வெள்ளை அடித்தார்கள் என்பதும் கதை. தீக்கு முன்பே அது வெள்ளைதான்.) திருத்தம் எழுதிக் கொடுத்தேன்.

"திருத்தம் போட்டா சனம் மிச்சத்தையும் நம்பாது, டேய்," என்றார் கஸ்பர் அண்ணை. ஆனால் அந்த வாரமும் சோபாக் கடை கைவிட்டது. திருத்தம் அச்சேறியது. போன் வந்தது.

"தம்பி, நாளைக்கு எனக்கு ஜட்ஜிட்டை இன்ரவியூ. இண்டைக்கு வந்து எரிக்கேல்லை எண்டுறியோ?"

"எரிச்சது பிரிட்டிஷ் ஆமி, அன்ரி. கனடா அப்ப இல்லை."

"இல்லாத நாட்டுக்கோ நான் இவ்வளவு ஃபோம் நிரப்பினனான்? அப்ப இஞ்சத்தை ஆக்கள் ஒண்டையும் எரிக்கேல்லையோ?"

"எரிச்சவை. 1813 டிசம்பரிலை. அதுவும் பிரிட்டிஷ் ஆமிதான், ஆனா இஞ்சத்தை ஆக்களும் கொஞ்சப் பேர் போனவை."

"எதை எரிச்சவை?"

"பஃபலோவை, அன்ரி."

அன்ரியின் குரல் தாழ்ந்தது.

"தங்கச்சியிட்டைச் சொல்லிப்போடாதை," என்றார்.

4.

மறுநாள் நானும் கூடப் போனேன். கதவு திறந்தே இருந்ததால், வெளியே வாங்குப் பலகையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது. தலைநகரம், மாகாணங்கள், வோட்டுரிமை: அன்ரி ஒன்றும் பிழைவிடவில்லை. நீதிபதி பேனையை எடுத்தார். கையெழுத்து ஒன்றுதான் மிச்சம். சும்மா பேச்சுக்கு, சொந்தக்காரர் எங்கே என்று கேட்டார்.

"பஃபலோ."

நீதிபதி சிரித்தார். அமெரிக்காவிலா, அப்படியென்றால் அவர்களுக்குச் சொல்லுங்கள், அவர்களுடைய வெள்ளை மாளிகையை ஒருகாலத்தில் ______ எரித்தோம் என்று.

(தற்செயல் கூடிவிட்டது என்று நினைக்கிறீர்கள். நான் ஆச்சரியக்குறியோடு அச்சிட்டதை மட்டும் நம்பினீர்களே.)

கோடிட்ட இடத்தில் நாலு நாளாக நிற்கிறேன். நீதிபதி பேசியது ஆங்கிலம்; அதில் இதற்கு 'வீ' என்று ஒரே சொல். பேச்சில் நாமும் எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று சமாளிக்கலாம். அச்சில் முடியாது. 'நாங்கள்' என்று எழுதினால் அன்ரி வெளியே நிற்கும் விருந்தாளி. வீட்டுக்காரர் அவிழ்த்துவிடுவதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வரவேண்டியதுதான். 'நாம்' என்று எழுதினால் அன்ரியும் தீப்பந்தத்தோடு உள்ளே. பொய்யில் பாதி அவருடையது, தன் பங்குப் பொய்யைத் திருத்த அவருக்கு உரிமை உண்டு. கையெழுத்து இன்னும் விழவில்லை என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

முடிவு அ: அன்ரி தலையாட்டுகிறார். கடவுச்சீட்டு வந்த கையோடு பஃபலோ. அடுத்த நாற்பது வருடத்துக்கு வெள்ளை மாளிகையை எரித்தவர் அவர்தான்.

முடிவு ஆ: அன்ரி திருத்துகிறார். நீதிபதியின் முகம்

இல்லை, நீதிபதியின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் திருத்தம் போடவேண்டி வரும். இவ்வளவு மட்டும் உறுதி: அன்ரி கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தார். நீதிபதியை நேராகப் பார்த்து, "நா" என்று வாயெடுத்தார். (ஆங்கிலத்தில்தான். எனக்குத் தமிழில் கேட்டது.) 'நாங்கள்', 'நாம்' இரண்டு சொல்லும் அப்படித்தான் தொடங்குகின்றன.

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாக. அந்த மனிதர் இன்னும் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறார்.