பதினோரு மணி நேரம்தான்

அண்ணன் வெல்டிங் வேலைக்கு வெளிநாடு கிளம்பியபோது வீட்டில் யாரும் அழவில்லை. அவன் அழ விடவில்லை. "பதினோரு மணி நேரம்தாம்மா. ஏறி ஒரு தூக்கம் போட்டா எறங்கிடலாம். ஒரு குரல் குடு, மறுநாள் வாசல்ல நிப்பேன்" என்றான். அந்த 'தான்' எங்கள் வாயை அடைத்துவிட்டது.

போன வருடம் அம்மாவின் முழங்காலில் ஆபரேஷன். குரல் கொடுத்தோம். "பதினோரு மணி நேரம் ஒரே எடத்துல உக்காந்து வர்றதுன்னா சும்மாவா?" என்றான். விமானம் அதேதான். 'தான்' மட்டும் நடுவழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

இப்போது எனக்கு வடக்கே வேலை கிடைத்திருக்கிறது, ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிவிட்டு என்ன செய்தேன்? அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்குப் பித்தான் தைத்தேன். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

நேற்று சாயங்காலம் அண்ணன் வீடியோவில் வந்தான். போனைத் துணிக்கட்டின்மேல் சாய்த்து வைத்தேன்.

"நெட்ல போட்டுப் பாத்தேன். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்! ப்ளைட்லயே ரெண்டரை மணி நேரம். வெளையாட்டா இது? ஒரு அவசரம்னா அம்மாவ யாரு பாத்துப்பா?"

அவன் இருக்கும் ஊர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர். அதை யாரும் நெட்டில் போட்டுப் பார்க்கவில்லை.

"உன் பதினொண்ணுக்கு ஒரு 'தான்' இருந்துச்சே, என் ரெண்டரைக்கு இல்லையா?"

"நான் பொழைக்கப் போனேன்டி."

"நான் மட்டும் வேடிக்கை பாக்கவா போறேன்?"

"உன்னைப் படிக்க வெச்சது தப்பாப் போச்சு. வாய் நீண்டு போச்சு."

படிக்க வைத்தானாம்! படிக்க வைத்தது இந்த மிஷின். மிதித்தது அம்மாவின் கால். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அதுவரை தலை தூக்கவில்லை. காலையில்கூட "அவ்ளோ தூரமாடி?" என்று இழுத்தவள்தான், அவளும் அவன் பக்கம் என்றே நினைத்தேன். காலரை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"டேய்" என்றாள் போனைப் பார்த்து. "அவ ஞாயித்துக்கெழம கெளம்பறா. எனக்கு ஒண்ணுன்னா நீ வந்துடு. பதினோரு மணி நேரம்தானே?"

திரை உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண் சிமிட்டினான்.

"அம்மா... லைன் சரியில்ல. விட்டு விட்டுக் கேக்குது."

அதுவரை அவன் பிஸ்கட் மெல்லும் சத்தம்கூட எங்களுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"எனக்கு நல்லாவே கேக்குதுடா" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ டிக்கெட்டப் போடு. ஜன்னலோரமாக் கெடைக்குதா பாரு."

போட்டுவிட்டேன். அண்ணன் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. லைன் இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது.