தொட்ட காய்

வாடகைக்கு வீடு தேடுவதுகூட இவ்வளவு பாடாக இருந்ததில்லை. என் புருஷன் உட்கார்ந்து செஸ் விளையாட ஓர் இடம் தேடி அலைந்ததில் எனக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வெளியூரிலிருக்கும் மகள் மூன்று விலாசம் அனுப்பியிருந்தாள். முதல் மன்றம் மூன்றாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் இல்லை. இரண்டாவது, வகுப்பு. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டாள்.

"அறுபத்து மூணு."

"குழந்தைக்குக் கேட்டேன், மேடம்."

"நானும் குழந்தைக்குத்தாம்மா சொல்றேன். ஒரு நாளைக்கு நாலு தடவை கோவிச்சுக்கும். மத்தபடி தொந்தரவு இல்ல."

அவள் சிரிக்கவில்லை. பதினைந்து வயதுக்கு மேல் சேர்ப்பதில்லையாம். அப்படியானால் போங்கள் என்று வந்துவிட்டேன்.

மூன்றாவது, நூலகத்துக்குக் கீழே இருந்த கூடம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை, எல்லா வயதினரும் வரலாம். அந்த 'எல்லா'வை நம்பி உள்ளே போனேன்.

நான் துணி திருத்தும் கடையில் இருக்கிறேன். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று பகல் முழுக்க வேலை. செஸ்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரை கோணலாகப் போகும் என்பதுதான். அவர் கிரேன் ஓட்டியவர். அத்தனை உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே நிற்பவன் கை காட்டிய இடத்தில் இரும்பு உத்திரத்தை ஒரு விரல்கூடப் பிசகாமல் இறக்குவார். சாப்பாட்டு நேரத்தில் ஆட்களோடு செஸ் ஆடுவார். அதில் தோற்று வந்த நாளில் என்னிடம் குழம்பில் குறை கண்டுபிடிப்பார்.

பிறகு நடுக்குவாதம் வந்தது. வலது கையில்தான் முதலில் ஆரம்பித்தது. வேலையை விட்டார். கூட வேலை பார்த்தவர்கள் வந்தால் டம்ளரைத் தொடமாட்டார், டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். அப்புறம் யார் வந்தாலும் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னார். போனில் செஸ் விளையாடிப் பார்த்தார். விரல் வேறு கட்டத்தில் பட்டுக்கொண்டே இருந்ததால் போனைத் தூக்கி எறிந்தார். ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது, காலையில் விட்டுப் போன நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். விளக்குகூடப் போடவில்லை. "நான் எதுக்கு இருக்கேன், சொல்லு" என்றார். அன்றைக்குத்தான் மகளைக் கூப்பிட்டு இடம் தேடச் சொன்னேன். ஒரு மனுஷனை உயிரோடு வைத்திருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கூடத்தில் மன்றம் நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். மெத்தென்று பேசுவார். அங்கே எல்லோரும் அப்படித்தான், நல்லவர்கள், ரொம்பவே நல்லவர்கள். என் வீட்டுக்காரர் கை காயைத் தட்டிவிட்டால், "பரவால்ல சார், பரவால்ல" என்று எடுத்து நிறுத்தினார்கள். ஒருவர், "எங்க வைக்கணும்னு சொல்லுங்க, நானே வைக்கிறேன்" என்றார். என் வீட்டுக்காரர் சொன்னார், அவர் வைத்தார். அன்று வீடு வரும்வரை இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

"ஜெயிச்சீங்கதானே, அப்புறம் என்ன?" என்றேன்.

"ஜெயிக்க வெச்சாங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அன்று ஜோடியில்லாமல் மிச்சமிருந்தது ஒரு சின்னப் பெண். ஒன்பது வயதிருக்கும், இரட்டைப் பின்னல், ஓட்டைப் பல். அவள் அம்மா நர்ஸ். வேலை முடிந்து வந்து கூட்டிப் போவாள். அதுவரை அந்தக் கூடம் இந்தப் பெண்ணின் ராஜ்யம்.

ஆட்டம் நடுவில் இருந்தது. அவர் குதிரையை எடுக்கப் போனார், விரல் நடுங்கிப் பக்கத்திலிருந்த ராணியில் பட்டது.

"தாத்தா, ராணியைத் தொட்டுட்டீங்க. ராணிதான் போகணும்."

எல்லோரும் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்துபோய் அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாமா என்று எனக்கு வந்தது. டாக்டர் ஓடி வந்தார். "இல்லம்மா, தெரியாம பட்டா கணக்குல வராது. விதியிலயே அப்படித்தான் இருக்கு."

"இருங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "தெரிஞ்சு பட்டுதா, தெரியாம பட்டுதான்னு ஒவ்வொரு தடவையும் யார் போய்க் கேக்கிறது? கை என்னோடது. தொட்டது தொட்டதுதான்."

ராணியை நகர்த்தினார். அவள் கொஞ்சமும் தயங்காமல் அதை வெட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். இவர் சிரித்தார். எவ்வளவோ நாளாக நான் கேட்காத சிரிப்பு. என் கண் நிறைந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே பேச்சு. "அது ரவுடி. சரியான ரவுடி. ராணி போச்சேன்னு ஒரு முகச்சுளிப்பு உண்டா? இல்ல, டப்புன்னு வெட்டிட்டுது." அன்றிலிருந்து அவள் பெயர் எங்கள் வீட்டில் ரவுடிதான்.

அப்புறம் வீடு வீடாக இருந்தது. நான் கடையிலிருந்து வரும்போது அவர் பலகையைப் பரப்பி வைத்து, காயை எப்படி எடுத்தால் பக்கத்துக் காயில் படாது என்று பழகிக்கொண்டிருப்பார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து நேராக இறக்குவார். கிரேனில் இறக்குகிற மாதிரி என்று அவரே சொல்லிக்கொள்வார். சனிக்கிழமையானால் மத்தியானமே குளித்துத் தயாராகி, என்னை விரட்டுவார். நாற்பது வருஷத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் இந்த மனுஷன் நேரத்துக்குக் கிளம்பியதில்லை.

ஒரு வாரம் ஜெயித்தும்விட்டார். ரவுடி அழுது, மேசையை ஓர் உதை உதைத்து, "அடுத்த வாரம் பாருங்க, உங்கள விடமாட்டேன்" என்று போனாள். அன்றிரவு இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் நர்ஸம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இவர் கை யானையில் பட்டது. "தொட்டுட்டீங்க!" என்று மகள் கூவினாள். யானை போயிற்று, ஆட்டமும் போயிற்று. இவர் உற்சாகமாகக் கை கொடுத்தார். அம்மாக்காரியின் முகம் செத்துவிட்டது. மகளை வெளியே கூட்டிப் போனாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது படிக்கட்டிலிருந்து குரல் கேட்டது.

"அவருக்கு உடம்பு சரியில்லடி. பாவம் இல்லையா? அந்தக் கைய அவரால நிறுத்த முடியாது. இனிமே சரியாகவும் ஆகாது. ஒனக்கு இது வெளாட்டா?"

இதுவரை ரவுடிக்கு அது தெரியவே தெரியாது போலிருக்கிறது. தாத்தாவுக்குக் கை அப்படி ஆடும், அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் சீக்கிரமே வந்து, இவருடைய காய்களையும் சேர்த்து அடுக்கி வைத்திருந்தாள். "உக்காருங்க தாத்தா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் விரல் ராணியில் பட்டது. இவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"பரவால்ல தாத்தா" என்றாள். குரல் அப்படியே டாக்டர் குரல் மாதிரி இருந்தது. "தெரியாமத்தானே பட்டுச்சு. நீங்க வேற காய எடுத்துக்கோங்க."

இவர் ராணியையே நகர்த்தினார். போய் நிற்க நல்ல இடம் இல்லை, அவளுடைய குதிரைக்கு நேர் வெட்டில் நின்றது. அவள் ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு ஓரத்திலிருந்த ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள்.

"ராணி வெட்டுல நிக்குதே. பாக்கலையா?"

"பாக்கல தாத்தா" என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

இவர் தோற்றதாக ஒப்புக்கொண்டு தன் ராஜாவை மெதுவாகப் படுக்க வைத்தார். அதைப் படுக்க வைக்கும்போது மட்டும் பக்கத்தில் எந்தக் காயும் ஆடவில்லை. கை நீட்டினார். அவள் தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பொத்தி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுக்கத்தை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். இவர் கையோடு சேர்ந்து அவள் கைகளும் நடுங்கின.

வழியில் கேட்டார். "நீ ஏதாவது சொன்னியா?"

"சத்தியமா நான் இல்லங்க."

"யார் சொல்லியிருந்தாலும் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க."

இன்று சனிக்கிழமை. சட்டையைத் தேய்த்துக் கொண்டுபோய் நின்றேன். வேண்டாம் என்றார்.

"அந்தப் புள்ள உங்களத் தேடுமே."

"தேடும். வெளாடத் தேடாது" என்றார். "அங்க ஒருத்திதான் எங்கூட வெளாடினா. அவளும் இப்ப என்னைப் பாத்துக்க ஆரம்பிச்சுட்டா. பாத்துக்கத்தான் வீட்ல நீ இருக்கியே."

யாரையாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால்தான் எனக்கு ஆறும். ஆனால் யாரைக் கேட்பது? அம்மாக்காரி செய்ததில் தப்பில்லை, என் மகளாக இருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தக் குழந்தையோ தங்கம். இப்போதே போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று மூன்று தடவை வாசல்வரை போய்விட்டேன். போய் என்னவென்று கேட்பேன்? என் புருஷன்மேல் கொஞ்சம் இரக்கமில்லாமல் இரு கண்ணு என்றா?