ஆறடிப் பாத்தி

கொட்டிவாக்கத்தில் நாங்கள் காவலுக்கு இருக்கும் வீட்டின் புல்தரையில் கீரை போடச் சொன்னது, துபாயில் இருக்கும் வீட்டு ஓனர் ஜுவேரியா மேடம்தான். புல்லுக்கு ஊற்றியே கிணறு வற்றுகிறதாம். புல்லின்மேல் அட்டையைப் பரப்பி மண் கொட்டினால் அது தானாகச் செத்துவிடும் என்று என் வீட்டுக்காரர் வேதநாயகத்திடம் போனில் சொன்னார். நானும் மீன் விற்கும் இடத்திலிருந்து செதிலும் குடலும் கொண்டுவந்து எருவாகப் போட்டேன். எதற்கு எரு போடுகிறோம் என்று தெரியாத முட்டாள் நான்.

தரை அவ்வளவு கிடக்க, இவர் போட்டது ஒரே பாத்தி. நீளம் ஆறடி, அகலம் மூன்றடி. அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, நல்ல மத்தியானத்தில் அதன் தலைமாட்டில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"இன்னாய்யா பொதைச்சிக்கீற?"

"செல்வம் சட்ட. கிறிஸ்மஸ்க்கு எடுத்த வெள்ளச் சட்ட."

எங்கள் மகன் மரியசெல்வம் கடலுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு உடுப்பைப் புதைத்துப் பூசை வைப்பது எங்கள் குப்பத்து வழக்கம். நான்தான் விடவில்லை. புதைத்துவிட்டால் அவன் செத்தவன். அதுவரை இன்னும் வராதவன், அவ்வளவுதான்.

"எத்தினி நாளிக்கு லூர்து அவனுக்கு சோறு எடுத்து வெச்சிக்கினு இருப்ப?"

"எம்மவன் உசுரோட கீறான். நீ யாருய்யா அவன பொதைக்க?"

அவரைத் தள்ளிவிட்டு மண்வெட்டியால் நானே தோண்டினேன். மழை பெய்து மூன்று வாரமாகியிருந்தது, அன்று பாத்திக்குத் தண்ணீரும் விடவில்லை, ஆனால் மண் சொதசொதவென்று சில்லிட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீர் இனிக்கிற அந்த வீட்டில், உதட்டில் தெறித்த ஈரம் உப்புக் கரித்தது.

துணி கையில் தட்டுப்பட்டதும் சிரித்தேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு. பிடித்து இழுத்தேன்.

வெள்ளை இல்லை. சிவப்பு பனியன். தோளில் நான் போட்ட தையல். அன்று விடியற்காலை அவன் போட்டுக்கொண்டு போனது.

"நான் இத வெக்கல," என்று வேதநாயகம் பின்னோக்கி நகர்ந்தார். "ஆண்டவரே, நான் இத வெக்கல."

பிழிந்தேன். தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை இத்தனை நாளும் இந்த ஈரத்தோடா கிடந்தான்? மடித்து உள்ளே வைத்து, கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினேன்.

"ஃபாதருக்கு போன் போடுய்யா," என்றேன். "எம்புள்ள வந்துட்டான்."