பல் டாக்டரிடம் மறைத்தது

லிஃப்ட் மெக்கானிக் பல்வலியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். கன்னம் உப்பி, வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஹெல்மெட்டின் வாரைக்கூட மாட்ட முடியாமல் போன பிறகுதான் மனைவியின் பேச்சுக்குத் தலையாட்டினார். லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே இருவரும் கிளம்பினார்கள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"கடவாப்பல் சார். வேர் வரைக்கும் சொத்தை. எடுத்துடறதுதான் நல்லது. சுகர், பிரஷர் இருக்கா?"

"இல்ல டாக்டர்."

"நெஞ்சுக்கு ஏதாவது? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா?"

பக்கத்து ஸ்டூலில் இருந்த மனைவி சிரித்துவிட்டாள். "இவரா? தலைவலிக்கே மாத்திரை போடமாட்டார் டாக்டர்."

"இல்ல," என்றார் மெக்கானிக்.

உண்மையில் அந்த மாத்திரையைக் கருவிப் பையில் ஒளித்து வைத்துத் தினமும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். போன வருஷம் ஒரு கட்டடத்தில் படியேறும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. கூட வேலை பார்ப்பவர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அடைப்பைத் திறக்க ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, இந்த மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார்கள். மெக்கானிக்கே வீட்டுக்குப் போன் செய்து, "வெளியூர்ல வேலை, வர ரெண்டு மூணு நாளாகும்," என்று சொல்லிவிட்டார். மனைவியின் அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் மாரடைப்பில் சரிந்து செத்துப்போனவர். அதிலிருந்து அவள் ராத்திரியில் எழுந்து கணவனின் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லலாம் என்று இருந்தவர், சொல்லவே இல்லை.

ஊசி போட்டதும் பாதி உதடு யாருடையதோ போல ஆகிவிட்டது. "அழுத்தற மாதிரி தெரியும் சார், வலிக்காது. வலிச்சா கையைத் தூக்குங்க," என்றாள் டாக்டர். சொன்னது போலவே வலிக்கவில்லை. ஆனால் பல்லை அசைக்க அசைக்கத் தாடையோடு கழன்று வந்துவிடுமோ என்று இருந்தது. மண்டைக்குள் 'மடக்'கென்று ஒரு சத்தம். தட்டில் பல் விழுந்தது.

"பஞ்சை நல்லா கடிச்சுக்கங்க. துப்பாதீங்க, வாய் கொப்பளிக்காதீங்க. சூடா எதுவும் வேண்டாம். லேசா ரத்தம் கசியும், பயப்படாதீங்க. நிக்கலேன்னா போன் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்தும் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மாற்ற மாற்ற நனைந்தது. மதியத்துக்குள் சட்டைக் காலரெல்லாம் ரத்தம். வாஷ்பேசின் முன்னால் குனிந்து நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டு மனைவி டாக்டருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"இவ்வளவு வரக்கூடாதே," என்றாள் டாக்டர். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"இல்லவே இல்ல டாக்டர்! நான்தான் கூடவே இருக்கேனே!"

மெக்கானிக் பஞ்சை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். மரத்த உதடு ஒத்துழைக்கவில்லை. "சாப்பிடறேன்," என்றார் குழறிக்கொண்டே. "நெஞ்சுல... ஸ்டென்ட் வெச்சிருக்கு."

மனைவியின் கை தோளிலிருந்து இறங்கியது.

"உடனே கிளம்பி வாங்க," என்றது போன். "நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க."

டாக்டர் திட்டவில்லை. குழிக்குள் மருந்து வைத்து, தையல் போட்டு, ஸ்டென்ட் வைத்த இதய டாக்டரிடம் போனில் பேசினாள். "காலையிலேயே சொல்லியிருந்தா முதல்லயே தையல் போட்டிருப்பேன் சார். அவ்வளவுதான் விஷயம்," என்றாள். ரத்தம் மெல்ல அடங்கியது. மனைவி இந்தத் தடவை உள்ளே வரவில்லை. வெளியே வரவேற்பறையில், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

அவர் வந்து பக்கத்தில் நின்றதும், "யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

"கூட வேலை பாக்கறவருக்கு மட்டும்."

"போன மாசம் அவர் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனாரே. அவரும் வாயைத் திறக்கல."

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். நீ பயந்துடுவியோன்னு..."

"பயந்துதான் இருக்கேன். இத்தனை நாளா ஒண்ணுமில்லாததுக்கு பயப்படறேன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "டாக்டர் முன்னாடி சிரிச்சேனே நான். நீங்க அதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க. தையல் பிரிஞ்சுடும்."

ஆட்டோவில் அவள் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது மட்டும், அவர் தடுமாறியதைப் பார்த்து முழங்கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு அந்த நெஞ்சு டாக்டர்கிட்ட போறோம்," என்றாள். "நான் கேக்கறதுக்கெல்லாம் அவர் பதில் சொல்லட்டும். உங்ககிட்ட கேட்டு இனி நான் நம்பறதா இல்ல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊசியின் மரமரப்பு முழுக்கப் போய்விட்டிருந்தது. இப்போதுதான் வலி தொடங்கியது.