ஹபீபுல்லா கேட்ட நான்கு பொருள்கள்

1951 பிப்ரவரியில் எங்கள் ராயபுரம் தோல் கிடங்கில் இரண்டு கட்டுத் தோல் காணாமல் போயின. எடுத்தவன் யாராயிருந்தாலும் வேலை போய்விடும் என்று மேனேஜர் சொன்னார். அங்கே நான் டெஸ்பாட்ச் குமாஸ்தா. ஹபீபுல்லா தோல் அடுக்குகிறவன். மாலையில் இருவரும் ஜேக்கப் சாரின் ஆங்கில வகுப்புக்குப் போவோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சொற்றொடருக்குத்தான் பொருள் கேட்கலாம் என்பது அவர் விதி.

திங்கள்கிழமை ஹபீபுல்லா, "மேக் ஆஃப் வித்னா இன்னா சார்?" என்று கேட்டான். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது என்றார் சார். செவ்வாய், 'கிவ் த ஸ்லிப்': காவல் இருப்பவனை ஏமாற்றி நழுவுவது, நம் ஊரில் கம்பி நீட்டுவது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் தேதி போட்டு எழுதுவது என் வழக்கம். அன்று அவனுக்கு மட்டும் தனிப் பக்கம் ஒதுக்கினேன். புதன், 'கெட் அவே வித்': தப்புச் செய்தும் தண்டனை இல்லாமல் தப்புவது. வியாழன், 'கிளியர் அவுட்': இடத்தைக் காலி செய்வது.

"இன்னா மாமு, ஊரை வுட்டே ஓடப்போறியா? பொண்ணு யாரு?" என்றான் பக்கத்துப் பெஞ்சுத் திருமலை.

"பேஜார் பண்ணாதபா."

எடுப்பது, நழுவுவது, தப்புவது, காலி செய்வது. என் சந்தேகம் தவறாக இருக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். பிறகு அழித்தேன். வெள்ளி மதியம் அந்தப் பக்கத்தை மேனேஜரிடம் காட்டினேன். அவர் நோட்டையே வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஹபீபுல்லா என்னை மாடிப்படிக்குக் கீழே அழைத்துப்போய், மடித்த தாள் ஒன்றை நீட்டினான். விளக்கம் கேட்டுக் கிடங்கு ஆங்கிலத்தில் கொடுத்த மெமோ. போன சனிக்கிழமைத் தேதி.

"எல்லாருக்கும் முன்னால இத்தக் காட்ட வெக்கமா இருந்திச்சி நைனா. அதான் தெனம் ஒண்ணா கேட்டுகினு வந்தேன். நான் எடுக்கலபா. நாளைக்கிக் காலைல பதில் குடுக்கணும். உனுக்குத்தான் இங்கிலீஷ் வருதே, எழுதிக் குடேன்."

படித்தேன். கட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடினாய். வாட்ச்மேனை ஏமாற்றி நழுவினாய். தப்பிவிடலாம் என்று நினைக்கிறாய். பதில் இல்லையென்றால் காலி செய். என் பக்கத்தில் இருந்த அதே வரிசை.

பேனாவைத் திறக்க முடியவில்லை. நோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"மேனேஜர் கைலயே குட்த்துட்டியா?"

"ஆமாம்."

"தோஸ்துன்னு நென்ச்சேன் உன்ன." படியில் உட்கார்ந்தான். "செரி, எழுது. மொதல்ல நான் சொல்றது. அப்பால நீ செஞ்சது. கீழ உன் கையெழுத்தும் போடு."

அவன் எடுக்கவில்லை என்பதற்கு அவன் வாய்ச்சொல்தான் உண்டு. அப்போதும் அது மனத்தில் ஓடியது. எடுத்தான் என்பதற்கோ, நான் தனிப் பக்கத்தில் எழுதியதைத் தவிர வேறொன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டால் நாளை மேனேஜர் முன் நானும் நிற்க வேண்டும்.

"இன்னா யோசிக்கிற?" என்றான்.

தாளை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினேன். அவன் சொன்ன வரிசையை மாற்றி, நான் செய்ததை முதலில் எழுதினேன்.